நடுகல் பார்க்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

செங்கம் பக்கம் ஒரு சின்ன ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே தவறு. "இங்கே நடுகல் எங்கே இருக்கு?" என்றேன். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு ஆயாதான், "கல்லா? ஏரிக்கரையில வேடியப்பன் இருக்காரு. அவரப் பாக்க வந்தியா?" என்றார்.

சண்டையில் செத்துப்போன வீரனின் நினைவாக நட்ட கல்லுக்கு நடுகல் என்பது புத்தகச் சொல். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் அது வேடியப்பன். கொங்குப் பக்கம் போனால் புலிக்குத்திக் கல். வேறு ஊர்களில் பட்டவன் என்பார்கள். அந்தந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சின்னப் பையன்கூடக் கூட்டிப்போய்க் காட்டுவான். ஆயா சொன்ன 'இருக்காரு'வையும் கவனியுங்கள். நாம் 'அது' என்று கேட்டு வருகிறோம், அவர்களுக்கு அது 'அவர்'. ஏரிக்கரை ஏறும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு, தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் பார்த்த கண்ணோடு போய் நிற்பது. நானும் அப்படித்தான் நின்றேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. பலகைக் கல் ஒன்று. அதில் மேலோட்டமாகப் புடைத்த ஒரு மனிதன். கையில் வில், இடுப்பில் குறுவாள், காலருகே சின்னக் கெண்டி, அதாவது மூக்கு வைத்த செம்பு. இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் திருவண்ணாமலை மாவட்டம்தான். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லில் பெருமையாக எழுதி வைத்த அதே மகேந்திரன். அவன் பெயர் எடுத்தனூரிலும் இருக்கிறது, ஆனால் காலம் சொல்வதற்கு மட்டும். கல் யாருக்கு? தன் எருமைகளுக்காக நின்று செத்துப்போன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்குப் பெயர் உண்டு: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 வருடத்துக்கு முந்தைய ஒரு கிராமத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதை வெட்டிய சிற்பியின் பெயர் தெரியாது.

கோழிக்கும் கல் உண்டு. இந்தளூர்க் கல்லில் இருப்பது கீழ்ச்சேரியின் சண்டைக் கோழி, பெயர் பொற்கொற்றி. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் மேற்சேரிக் கோழி ஒன்று நிற்கிறது. கீழத்தெரு மேலத்தெருப் போட்டி எவ்வளவு பழசு பாருங்கள்! இதையெல்லாம் அழகா, அழகில்லையா என்ற ஒரே கேள்வியோடு அணுகினால் கைக்கு ஒன்றும் சிக்காது. யார் செத்தார், எதற்காக, யார் அழுதார் என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் அந்த மேலோட்டமான கோடுகளே போதும்.

சரி, இனி நான் செய்ததிலேயே மோசமான தவறு. உச்சி வெயிலில் போய் நின்றேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பையில் சாக்பீஸ் இருந்தது. எழுத்தென்று நினைத்த இடமெல்லாம் வெள்ளையாகத் தீட்டி, படம் எடுத்து, பெருமையாக நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் எது கல்லில் இருந்தது, எது நீங்கள் போட்டது?"

என்னிடம் பதில் இல்லை. சாக்பீஸ், மைதா, விபூதி, மஞ்சள் எதைத் தடவினாலும் இதே கதைதான். பொடி கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது ஒரு பக்கம். நாம் தப்பாகப் படித்த கோடு கல்லின் கோடாகிவிடும், அடுத்து வருகிறவர் நம் தப்பைத்தான் படிப்பார் என்பது அதைவிடப் பெரிய கேடு. தாளை நனைத்து ஒற்றி மைப்படி எடுப்பது வேறு விஷயம், அது பழகியவர்கள் செய்வது. நமக்கு வேண்டியது சாய்வான வெளிச்சம், அவ்வளவுதான். கல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனித்து, வெயில் அதன் முகத்தில் நேராக விழாமல் பக்கவாட்டில் சரிகிற நேரத்தில் போங்கள். வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மதியம் வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் பக்கவாட்டில் பிடித்தாலும் நன்றாகத் தெரியும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் வீண்.

எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுவதும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷோடு கிளம்பிய ஆர்வலர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் பிரஷ் எழுத்தையும் சேர்த்துத்தான் சுரண்டும். தவிர, அந்த எண்ணெய் அழுக்கும் இல்லை. புறநானூற்றின் 329-ஆம் பாட்டில் ஒரு சிற்றூர் வருகிறது. அங்கே நடுகல்லுக்கு நாள்தோறும் படையல் வைத்து, நல்ல நீரால் கழுவி, நெய் விளக்கு ஏற்ற, அதன் புகை தெருவெல்லாம் மணக்கிறது. ஏரிக்கரையில் ஆயா வெள்ளிக்கிழமை ஊற்றும் எண்ணெய் அதன் தொடர்ச்சி. எழுத்து மறைகிறதே என்று எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எண்ணெய் நின்றுபோன கல்தான் துணி துவைக்கும் கல்லாகவும் மதகுக்குப் பலகையாகவும் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அய்யனார் கோயில் மண்குதிரைகள் விஷயத்திலும் இதே அவசரத் தீர்ப்பைச் சொல்வார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் உடைந்த குதிரைகளைப் பார்த்து, "பராமரிப்பே இல்லை" என்று படம் போட்டுப் புலம்புவார்கள். அவை பராமரிப்பதற்காகச் செய்தவை இல்லை. புரவி எடுப்புத் திருவிழா நடக்கும்போது மண்பாண்டம் செய்யும் வேளார்கள் புதுக் குதிரை செய்து தருவார்கள், பழையது நின்ற இடத்திலேயே மண்ணாகும். உடைந்த தலைதானே என்று ஒன்றை எடுத்துக் காரில் வைத்துக்கொள்வது திருட்டு.

உருவம் இல்லையென்றால் நடுகல் இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்களில் சிற்பமே கிடையாது, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து மட்டும்தான். ஒன்றில் ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல், பற்றிய செய்தி இருக்கிறது.

அப்புறம், கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எழுத்தை நெருங்கிப் பார்க்கத் தருமபுரி அருங்காட்சியகம் நல்ல இடம், நிறைய நடுகற்களை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏரிக்கரையில்தான் தெரிகிற சில உண்டு. கல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எதிரே மாட்டுப் பாதை இருக்கிறதா, காடு எங்கே தொடங்குகிறது, இது ஊரின் எல்லையா? நான் உட்கார்ந்திருந்தபோது மேய்ச்சலுக்குப் போன எருமைக் கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து வந்து, வீரனின் தோள்பட்டையில் தன் கழுத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டது. ஓட்டி வந்த பையன், "ஏய், சாமி!" என்று குச்சியை ஓங்கினான். அது நகரவில்லை. தேய்த்து முடித்துவிட்டுத்தான் போனது. கல்லின் அந்த ஓரம் மட்டும் வழவழவென்று இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பதிவாகாத கல் கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். பாதுகாப்பாக வைக்கிறேன் என்று இடம் மாற்ற வேண்டாம். சரியான இடத்தைக் குறித்து இணையத்தில் போடவும் வேண்டாம், அதைப் படிக்கிறவர்களில் சிலை கடத்துகிறவர்களும் இருப்பார்கள்.

சாயங்காலம் மறுபடி ஏரிக்கரைக்குப் போனபோது ஆயாவும் விளக்கோடு வந்திருந்தார். "எழுத்துன்னியே, என்னா எழுதியிருக்கு?" என்றார். சாய்ந்த வெயிலில் இரண்டு சொல் தெளிவாகத் தெரிந்தது. மேலே 'தொறு', கீழே 'பட்டான்'. தொறு என்றால் மாட்டுக் கூட்டம், அதற்காகச் சண்டை போட்டுச் செத்திருக்கிறார் என்றேன். ஆயா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு திரும்பக் கெடச்சுதாமா?"

இந்தக் கற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வருவது உண்டு, 'தொறுக் கொண்ட ஞான்று பட்டான்', அதாவது மாட்டைக் கவர்ந்தபோது செத்தான், என்று மட்டும் வருவதும் உண்டு. குனிந்து மறுபடி பார்த்தேன். இரண்டு சொல்லுக்கும் நடுவே, சரியாக அந்த இடத்தில், கல் பொரிந்து உதிர்ந்திருந்தது.