மலையகத்தில் வானம் பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டியவை

பெட்டியில் '525 மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று போட்டிருப்பதை நம்பித் தொலைநோக்கி வாங்காதீர்கள். வானியலில் பெரிதாக்குவதைவிட ஒளியைச் சேர்ப்பதுதான் முக்கியம். 60 மில்லிமீட்டர் வில்லை, இருட்டுக்குப் பழகிய கண்ணைவிட ஏறத்தாழ 70 மடங்கு ஒளியைச் சேர்க்கும், ஆனால் 120 மடங்குக்கு மேல் பெரிதாக்கப் போனால் எல்லாம் மங்கிக் கலங்கிவிடும். முதலில் ஒரு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை) போதும்.

அப்புறம் இந்தப் போயா, அதாவது பௌர்ணமி நாள். லீவு நாள்தான், ஆனால் முழுநிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும், நிலாவைப் பார்க்கவும் அது நல்ல நாள் இல்லை, ஒளி நேராக விழுவதால் அங்குள்ள பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. அரைநிலா அன்று பாருங்கள், ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளங்கள் அவ்வளவு அழகாகத் தெரியும்!

ஐரோப்பாவுக்கு வரைந்த நட்சத்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு துருவ நட்சத்திரத்தைத் தேடுவதும் வீண் வேலை. நமக்கு அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, வடக்கே ஒரு மலை இருந்தால் முடிந்தது. தெற்கே திரும்புங்கள். பெப்ரவரியில் முன்னிரவிலேயே அகத்திய நட்சத்திரம், மே மாதத்தில் தென்சிலுவை, இரண்டுமே லண்டனில் இருப்பவர்களுக்கு எழுவதே இல்லை. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பண்டாரவளைப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம்.

அறைக்குள் இருந்த தொலைநோக்கியைக் குளிருக்குள் கொண்டுவந்த உடனே பார்க்காதீர்கள், குழாய்க்குள் சூடான காற்று அசைவதால் வியாழன்கூட ஆடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள், உங்கள் கண் இருட்டுக்குப் பழகவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். வில்லையில் பனி படிந்தால் சால்வையால் துடைக்க வேண்டாம், கீறல் விழும், தானாகக் காயட்டும்.

படங்களில் உள்ள நிறங்களையும் எதிர்பார்க்காதீர்கள். ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு மேகம் நம் கண்ணுக்குச் சாம்பல் புகைதான். வானியலாளர்கள் கமராவில் நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கிறார்கள், அதை நிறம் நிறமாகப் பிரித்து நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கிறார்கள். 1868 இல் சூரிய ஒளியைப் பிரித்தபோது தெரிந்த புது மஞ்சள் கோடு ஹீலியம் என்ற வாயுவினுடையது, பூமியில் அது 1895 இல்தான் கிடைத்தது. ஆனால் நீங்கள் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள், ஒரு நொடியிலேயே கண் பார்வை போய்விடலாம், பிள்ளைகள் பகலில் எடுத்து விளையாடாதபடி பூட்டி வையுங்கள்.