நூத்துக்கு எத்தனை ரூபா வட்டி? காலேஜ் பசங்களுக்கு கடன் கணக்கு

ப்ளஸ் டூ மேத்ஸ்ல சென்டம் எடுத்த பசங்களே ஈஎம்ஐல கோட்டை விடுறாங்க, ஏன்னா வகுக்க தெரியும், எதை எதால வகுக்கணும்னு தான் தெரியாது. நம்ம ஊர் பெரியவங்க நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டின்னு தான பேசுவாங்க, எல்லா கடனையும் அந்த கணக்குக்கு கொண்டு வந்துட்டா ஒப்பிடுறது ஈசி.

முதல்ல கைக்கு வர்ற காசை பாருங்க. லோன் ஆப்ல 5000னு காட்டுது, ப்ராசஸிங் ஃபீஸ் அது இதுன்னு 800 புடிச்சிட்டு 4200 தான் அக்கவுன்ட்ல ஏறுது, 30 நாள்ல 5000 கட்டணும்னு வச்சுக்கோங்க. 800ஐ 5000ஆல வகுக்காதீங்க, 4200ஆல வகுங்க. நூத்துக்கு 19 ரூபா வட்டி வரும். மீட்டர் வட்டிக்காரரே கேக்க கூச்சப்படுவாரு!

அடுத்து ஃப்ளாட் ரேட், இங்க தான் நெறைய பேர் மாட்டுறது. 12,000 ரூபா ஃபோன், 12 மாசம், வருஷத்துக்கு ஃப்ளாட் 12%, வட்டி 1440, மாசம் 1120 கட்டணும். 12%ஐ 12 மாசத்தால வகுத்தா நூத்துக்கு ஒரு ரூபா வட்டி தானேன்னு தோணும். ஆனா மாசாமாசம் அசல்ல 1000 கொறையுதுல்ல, முதல் மாசம் 12,000 பாக்கி, கடைசி மாசம் வெறும் 1000, சராசரி பாத்தா 6500 தான், வட்டிய மட்டும் முழு 12,000க்கும் போட்டுடுறாங்க. 1440ஐ 6500ஆல வகுங்க, வருஷத்துக்கு சுமார் 22%. அதாவது கிட்டத்தட்ட ரெண்டு ரூபா வட்டி.

இவ்ளோ கணக்கு போட பொறுமை இல்லையா, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் கேளுங்க, ரிசர்வ் வங்கி விதிப்படி குடுத்தே ஆகணும். அதுல ஏபிஆர்னு ஒரு சதவீதம் இருக்கும், ஃபீஸும் சேத்த வருஷ வட்டி கணக்கு அது. 12ஆல வகுத்தா முடிஞ்சுது.

கிரெடிட் கார்டுல மாசம் 3.5% போட்டா மூணரை ரூபா வட்டி. பில்லுல கட்டியே ஆகணும்னு போட்டிருக்குற கொறஞ்சபட்ச தொகைய (மினிமம் டியூ) மட்டும் கட்டினா மிச்சத்துக்கு இது ஓடும், புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்குன நாள்லேர்ந்தே ஓடும். அதனால கைல காசு மிஞ்சுனா மொதல்ல இதை அடைங்க.

கல்விக் கடன் 9%னா முக்கா ரூபா வட்டி தான். பொதுவா படிக்கிறப்போ தனி வட்டி, கட்டாம விட்டா தவணை ஆரம்பிக்கிறப்போ அசலோட சேத்துருவாங்க, அப்புறம் அதுக்கும் வட்டி. 2 லட்சம் வாங்கியிருந்தா மாசம் 1500 வட்டி ஏறுது, பார்ட் டைம் வேலை பாக்குறவங்க முடிஞ்ச மாசத்துல அதை மட்டும் கட்டிட்டே வரலாம்.