நிதி மேலாண்மை முதல் தாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் நிதி மேலாண்மை உள்மதிப்பீட்டுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எந்த இடத்தில் சறுக்கினேனோ, அதே இடத்தில் வகுப்பில் பாதிப்பேர் சறுக்கியிருக்கிறார்கள். அவர்கள் படிக்காமல் வந்தவர்கள் அல்லர். சூத்திரத்தைப் பிழையின்றி எழுதியிருக்கிறார்கள், அட்டவணையிலிருந்து காரணியைச் சரியாக எடுத்திருக்கிறார்கள், பெருக்கலிலும் குறையில்லை. ஆனாலும் விடை தவறு. அப்படிப்பட்ட தவறுகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசப்போகிறேன். தேர்வுக்கு முந்தின இரவு படிப்பது, புள்ளியை இடம் மாற்றி வைப்பது போன்றவற்றை உங்கள் ஆசிரியர்கள் ஏற்கெனவே நூறு முறை சொல்லியிருப்பார்கள்.

காலக்கோடு வரையாமல் சூத்திரத்துக்குள் நுழைவது

எனக்கு இன்றும் மனம் ஆறாத தவறு இதுதான். இந்தப் பாடத்தில் வெறும் ரூபாய் என்று ஒன்று கிடையாது. இன்றைய ரூபாய், மூன்றாம் ஆண்டின் முடிவில் வரும் ரூபாய், ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டும் ரூபாய் என்று ஒவ்வொன்றும் ஒரு தேதியோடு சேர்ந்தே வருகிறது. அந்தத் தேதியைத் தாளில் குறிக்காமல் கணக்கைத் தொடங்குபவர், சூத்திரம் தரும் விடை எந்த நாளுக்குரியது என்பதை அறியாமலே அதை எழுதி அடிக்கோடிட்டுவிடுகிறார்.

இந்த முறை நான் கேட்ட கேள்வி எளியது. ஒருவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்று ஒரு தொகையை 8 சதவீத ஆண்டுக் கூட்டு வட்டியில் போட்டுவைக்க விரும்புகிறார். கட்டணம் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும். முதல் கட்டணம் இன்றிலிருந்து ஆறாம் ஆண்டின் முடிவில் வருகிறது. அவர் இன்று எவ்வளவு போட வேண்டும்?

ஆண்டுதோறும் ஒரே தொகையாக வரும் தவணைகளின் தொடருக்கு அன்யூட்டி என்று பெயர். 8 சதவீதத்துக்கு நான்கு ஆண்டு அன்யூட்டிக் காரணி, அதாவது ஒரு ரூபாய்த் தவணைகள் நான்கின் மொத்த மதிப்பு, 3.3121. ஆகவே நான்கு கட்டணங்களின் மதிப்பு 3,31,213 ரூபாய் என்பது வரை எல்லாரும் சரியாக வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, முதல் கட்டணம் ஆறாம் ஆண்டில்தானே என்று, அந்தத் தொகையை ஆறு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கொண்டுவந்து 2,08,720 ரூபாய் என்று விடை எழுதினார்கள். அன்யூட்டிச் சூத்திரம் தரும் மதிப்பு முதல் தவணை விழும் நாளில் நிற்பதில்லை. அதற்கு ஒரு காலம் முன்னால் நிற்கிறது. இங்கே அது ஐந்தாம் ஆண்டின் முடிவு. ஆகையால் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் பின்னோக்கி வர வேண்டும். சரியான விடை 2,25,418 ரூபாய்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 16,700 ரூபாய். மதிப்பெண் கணக்கில் பார்த்தால் இரண்டு மதிப்பெண் போனது, அவ்வளவுதான் என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டார். அவரைக் கரும்பலகைக்கு அழைத்து, அவர் சொன்ன தொகையையே ஆண்டுவாரியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 2,08,720 ரூபாய் ஐந்தாம் ஆண்டின் முடிவில் 3,06,678 ரூபாயாகிறது. ஆறாம் ஆண்டின் முடிவில் அது 3,31,213 ஆகி, கட்டணம் போக 2,31,213 மிஞ்சுகிறது. ஏழாம் ஆண்டில் கட்டணம் போக 1,49,710. எட்டாம் ஆண்டில் 61,686. ஒன்பதாம் ஆண்டின் முடிவில் கையில் இருப்பது 66,621 ரூபாய்; கட்ட வேண்டியதோ ஒரு லட்சம். மகள் இறுதியாண்டுக் கட்டணம் கட்டப் போகும் நாளில் 33,379 ரூபாய் குறைகிறது. இன்று 16,700 ரூபாயாக இருந்த பிழை 8 சதவீத வட்டியில் ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்த மாணவர் அந்தக் கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதைப் பற்றி நான் இவ்வளவு கடிந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. படிப்பை முடித்து ஈரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், திருப்பூரிலிருந்து வந்த பின்னலாடைத் தொழில்முனைவர் ஒருவருக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நிட்டிங் மெஷின் ஒன்றை 40 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குவதா, ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பதா என்பது அவருடைய கேள்வி. ஐந்தாண்டுக்குப் பிறகு அந்த மெஷினுக்கு விலை எதுவும் தேறாது என்று அவரே சொன்னார். வரிக் கணக்கை இங்கே எளிமைக்காக விட்டுவிடுகிறேன். 10 சதவீதத்துக்கு ஐந்தாண்டு அன்யூட்டிக் காரணி 3.7908. குத்தகையின் இன்றைய மதிப்பு 37.91 லட்சம், வாங்குவதைவிட மலிவு, குத்தகைக்கே எடுங்கள் என்று சுத்தமாகத் தட்டச்சு செய்து அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க தம்பி, மொத வருசத்துச் செக்கை மெசினு எறங்கற அன்னைக்கே கேக்கறாங்களே, அதுக்கு எதுக்குங்க ஒரு வருச வட்டியக் கழிச்சிருக்கீங்க?"

ஒப்பந்தத்தில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் அதை வாசித்தும் இருந்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் கட்டும் தவணைகளுக்குரிய காரணி 4.1699, குத்தகையின் இன்றைய மதிப்பு 41.70 லட்சம். வாங்குவதே மலிவு. பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர், தம் பணம் எந்த நாளில் கையைவிட்டுப் போகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டம் பெற்ற என் முடிவைத் தலைகீழாக்கினார். அவர் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைய மதிப்பில் 1.70 லட்சம் ரூபாயை என் சொல்லை நம்பி இழந்திருப்பார்.

அன்றிலிருந்து நான் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். கேள்வியை வாசித்தவுடன் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். ஒரு கோடு போட்டு 0, 1, 2, 3 என்று குறியுங்கள். 0 என்பது இன்று, 1 என்பது முதல் ஆண்டின் முடிவு, அதுவே இரண்டாம் ஆண்டின் தொடக்கமும் ஆகும். வரும் பணத்தைக் கோட்டுக்கு மேலும் போகும் பணத்தைக் கீழும் எழுதுங்கள். சூத்திரம் ஒரு மதிப்பைத் தந்தவுடன் அது எந்த எண்ணின் கீழ் நிற்கிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுக்காட்டுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. தேதி எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சான்று இருக்கலாம்: பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஏப்ரல் 4 அன்று 1,50,000 ரூபாய் போடுபவருக்கும் 6 அன்று போடுபவருக்கும், 7.1 சதவீதத்தில், அந்த ஒரு மாதத்தில் மட்டும் 887 ரூபாய் வேறுபடும்.

ஆண்டு வட்டியை மாதத் தவணையோடு சேர்ப்பது

ஆண்டுக்கு 12 சதவீதம் என்றும் தவணை மாதந்தோறும் என்றும் கேள்வியில் இருந்தால், விகிதம் மாதத்துக்கு 1 சதவீதம், காலம் மாதங்களில். விகிதத்தை மாற்றிவிட்டுக் காலத்தை ஆண்டிலேயே விடுபவர்களும் உண்டு, காலத்தை மாற்றிவிட்டு விகிதத்தை மறப்பவர்களும் உண்டு. மாதம் 1 சதவீதக் கூட்டு வட்டி ஆண்டுக்கு 12.68 சதவீதம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது நான் தண்டலைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது பல மாணவர்களின் வீட்டு வாசலுக்கே வரும் கடன். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால், 10 சதவீதம் என்று வகுப்பே சொல்லும். முதலில், கையில் வந்தது 9,000 மட்டுமே. இரண்டாவதாக, அந்தப் பணமும் 100 நாள் முழுவதும் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளிலிருந்தே 100 ரூபாய் வீதம் திரும்பிப் போய்விடுகிறது. 100 தவணைகளின் இன்றைய மதிப்பை 9,000 ஆக்கும் விகிதத்தைத் தேடினால், நாளுக்குச் சுமார் 0.2125 சதவீதம் வருகிறது. அதைக் கூட்டு வட்டியாக்காமல் வெறுமனே 365ஆல் பெருக்கினாலே ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது.

வாகனக் கடனிலும் வீட்டுப் பொருள் கடனிலும் சொல்லப்படும் ஃப்ளாட் ரேட், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி போடும் முறை, இதே கதைதான். ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீத ஃப்ளாட், 12 மாதத் தவணை என்றால் மாதம் 9,333 ரூபாய். குறையும் அசலின்மீது கணக்கிட்டால் உண்மை விகிதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் தவணைக் கடன்களுக்கும் முழுச் செலவையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளில் இருக்கும் எண்ணை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுச் சரிபார்த்தால், இந்தப் பாடத்தின் பாதி உங்கள் கைக்குள் வந்துவிடும்.

வட்டியை இரண்டு முறை கழிப்பது

கணக்கியலில் நன்றாகத் தேறியவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனென்றால் இலாப நட்டக் கணக்கில் வட்டியைக் கழித்தே பழகியவர்கள் அவர்கள். ஒரு திட்டத்தில் இன்று 10 லட்சம் போட்டால் ஓராண்டில் 11.20 லட்சம் திரும்புகிறது. மூலதனச் செலவு, அதாவது போடும் பணத்துக்கு ஆகும் ஆண்டு வட்டி விகிதம், 10 சதவீதம். 11.20 லட்சத்தை 1.10ஆல் வகுத்து 10 லட்சத்தைக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு (வரும் பணத்தின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவது) 18,182 ரூபாய், திட்டத்தை ஏற்கலாம். கடன் வாங்கித்தானே போடுகிறோம் என்று 1 லட்சம் வட்டியை முதலில் கழித்துவிட்டு, மீதி 10.20 லட்சத்தை மறுபடியும் 1.10ஆல் வகுத்தால், விடை 72,727 ரூபாய் நட்டமாகிவிடும். 1.10ஆல் வகுப்பதே வட்டியைக் கழிப்பதுதான். நல்ல திட்டம் ஒன்று இப்படிக் குப்பைக்கூடைக்குப் போவதை நான் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன்.

தேய்மானத்தைப் பணச் செலவாக எண்ணுவது

தேய்மானத்துக்காக யாரும் காசோலை எழுதுவதில்லை. அது வரியைக் குறைக்கும். அந்த வரி மிச்சம் மட்டுமே பணம். 25 சதவீத வரியில் ஒரு லட்சம் ரூபாய் தேய்மானம் 25,000 ரூபாயை மிச்சப்படுத்தும். வரிக்குப் பிந்தைய இலாபத்திலிருந்து தொடங்கினால் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டுங்கள்.

ஏற்கெனவே செலவழித்த பணம்

திட்டத்தை ஏற்றாலும் விட்டாலும் அது திரும்பி வராது; கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடைமுறை மூலதனம்

சரக்கு இருப்பு, வர வேண்டிய கடன் போன்ற அன்றாடத் தேவைகளில் முடங்கும் பணம் இது. தொடக்கத்தில் கழித்ததை இறுதி ஆண்டில் திரும்பக் கூட்டுங்கள்.

ஐஆர்ஆர் பெரிதாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது

இரண்டில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்ற நிலையில்தான் இந்தத் தவறு கேடு செய்கிறது. ஐஆர்ஆர் என்பது நிகர இன்றைய மதிப்பைச் சுழியாக்கும் வட்டி விகிதம். 1 லட்சம் போட்டு ஓராண்டில் 1.5 லட்சம் பெறும் திட்டத்தின் ஐஆர்ஆர் 50 சதவீதம். 10 லட்சம் போட்டு 12 லட்சம் பெறும் திட்டத்தின் ஐஆர்ஆர் 20 சதவீதம். 10 சதவீத மூலதனச் செலவில் முதலாவது தரும் நிகர இன்றைய மதிப்பு 36,364 ரூபாய், இரண்டாவது தருவது 90,909 ரூபாய். போடப் பணம் இருக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

எக்செலின் என்பிவியை அப்படியே நம்புவது

காலக்கோட்டில் தொடங்கிய பிழை இங்கே வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. எக்செலில் நிகர இன்றைய மதிப்பைக் கணக்கிட உள்ள என்பிவி என்ற செயல்பாடு, நீங்கள் தரும் முதல் எண்ணை இன்றைய பணமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் காலத்தின் முடிவில் வரும் பணமாகவே எடுத்துக்கொள்கிறது. இன்று போடும் முதலீட்டையும் சேர்த்து முழு நிரலையும் அதற்குக் கொடுத்தால், எல்லாமே ஓராண்டு தள்ளிப்போய், மேலே பார்த்த 18,182 ரூபாய் 16,529 ரூபாயாகக் காட்டும். முதல் ஆண்டு முடிவிலிருந்து வரும் பணத்தை மட்டும் செயல்பாட்டுக்குள் கொடுத்துவிட்டு, இன்றைய முதலீட்டை அதற்கு வெளியே தனியாகக் கழியுங்கள். திருத்தும்போது 16,529 என்ற எண்ணைக் கண்டவுடனே அந்த மாணவர் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தார் என்று என்னால் சொல்லிவிட முடிகிறது.