பெரிய பட்டியல்களைக் கட்டளை வரியில் ஒப்பிடுதல்

2011 டிசம்பரில் தானே புயலும் 2015இல் பெருவெள்ளமும் தாக்கிய கடலூர் மாவட்டத்தில், நிவாரணப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்குப் பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட வேண்டிய தேவை அடிக்கடி எழும். ஒரு வரி விடுபட்டால் ஒரு குடும்பத்துக்கு உதவி சேராது என்பதால், பல லட்சம் வரிகளைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதை நான் ஏற்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் தட்டச்சு செய்து இயக்கும் சிறு கட்டளைகளே இதற்குப் போதும்.

முதலில் சிஎம்பி (cmp) கட்டளையை இயக்குங்கள். இரு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால் அது எதையும் அச்சிடாது, வேலை அங்கேயே முடிந்துவிடும். வேறுபாடு இருந்தால் பலரும் வரிவரியாக ஒப்பிடும் டிஃப் (diff) கட்டளைக்குப் போவார்கள். ஆனால் லினக்ஸில் வழக்கமாக உள்ள க்னூ டிஃப் இரு கோப்புகளையும் முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றுவதால், பெரிய கோப்புகளுக்கு நினைவகம் போதாமல் போகலாம். மேலும் அது வரிகளின் வரிசையையும் பொருட்படுத்துவதால், ஊர்வாரியாக இருந்த பட்டியலைப் பெயர்வாரியாக மாற்றியிருந்தால் ஏறத்தாழ எல்லா வரிகளையும் மாறியவையாகவே காட்டும்.

ஒப்பிடுவதற்கு முன் தமிழ் எழுத்துகளைச் சீராக்குவது மிக முக்கியம். 'காட்டுமன்னார்கோயில்' என்பதில் உள்ள 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். எழுத்துக் குறியீட்டை மாற்றும் யூகான்வ் (uconv) கருவியில், இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்தைத் தேர்ந்து இரு கோப்புகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸிலிருந்து வந்த கோப்பென்றால் வரி முடிவுகளை டாஸ்டூயூனிக்ஸ் (dos2unix) கட்டளையால் திருத்துங்கள்.

பின்னர் மொழி அமைப்பைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் (LC_ALL) என்னும் சூழல் மாறிக்கு, பைட் மதிப்பின்படி வரிசைப்படுத்தச் செய்யும் சி (C) என்ற மதிப்பைத் தந்து, இரண்டையும் சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்துங்கள். சார்ட் நினைவகம் போதாதபோது வட்டில் தற்காலிகக் கோப்புகளை எழுதிக்கொள்ளும் என்பதால், பல ஜிபி கோப்பையும் சாதாரண மடிக்கணினியே தாங்கும். அதே அமைப்பில், வரிசைப்படுத்திய இரு கோப்புகளை ஒப்பிடும் காம் (comm) கட்டளையை, பழைய கோப்பை முதலில் தந்து -23 என்ற விருப்பத்துடன் இயக்கினால் பழைய கோப்பில் மட்டும் உள்ள வரிகளும், -13 என்றால் புதியதில் மட்டும் உள்ளவையும் கிடைக்கும்.

முகவரி திருத்தப்பட்ட குடும்பம் இந்த இரு விடைகளிலும் தோன்றும். அதை விடுபட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஆகவே குடும்ப அட்டை எண்ணை மட்டும் கட் (cut) கட்டளையால் பிரித்தெடுத்து, மீண்டும் வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். காற்புள்ளியால் பிரித்த கோப்பில் எண் முதல் புலமாக, அதாவது முதல் பத்தியாக, இருப்பது நல்லது, ஏனெனில் முகவரிக்குள் வரும் காற்புள்ளிகள் அடுத்த புலங்களின் கணக்கைக் குலைத்துவிடும். இப்போதும் பழைய கோப்பில் மட்டும் நிற்கும் எண்களே உண்மையில் விடுபட்ட குடும்பங்கள். அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து நேரில் விசாரிக்கக் கொடுக்கலாம்.