கண்காட்சிக்கு ஒரு யூதக் கற்குவளை: செய்முறையும் குறிப்பு அட்டையும்

ரோமர் ஆட்சியில் யூதர் வாழ்க்கை என்று தலைப்புக் கொடுத்தால், பள்ளிக் கண்காட்சியில் எருசலேம் ஆலயத்தைத் தெர்மாகோலில் நிறுத்திவிடுவார்கள். அந்த மக்களின் அன்றாடத்தைக் காட்ட ஒரு கற்குவளை போதும். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குக் கல்லும் உளியும் புதிதல்ல.

தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும் என்கிறது யூதர்களின் வேதநூலான லேவியராகமம் (11:33). சாவு விழுந்த வீட்டில் பழைய மண்பானையைத் தூக்கிப்போடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது யூத அறிஞர்களின் முடிவு. அதனால் ஏரோது மன்னன் காலம் தொட்டு எருசலேமிலும் வடக்கே கலிலேயாப் பகுதியிலும் சுண்ணாம்புக்கல் பாத்திரங்கள் பரவலாகப் புழங்கின. எருசலேமுக்கு வடக்கே ஹிஸ்மாவிலும், நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னாவிலும் அவற்றைக் குடைந்த பட்டறைகள் கிடைத்திருக்கின்றன. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியதாக பைபிள் சொல்லும் கானாவூர்க் கல்யாணத்தில் இருந்த ஆறு கற்சாடிகளும் சுத்திகரிப்புத் தண்ணீருக்கானவைதான். பெரிய சாடியைக் கடைசல் பிடித்துச் செய்தார்கள்; குவளையைக் கையால் செதுக்கினார்கள். நமக்குக் குவளை போதும்.

கிரானைட் பட்டறைக் கழிவுத் துண்டை எடுக்காதீர்கள், பிள்ளைகளின் உளி அதில் இறங்காது. கல்சட்டி செய்கிற மாக்கல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்: ஒன்றரைக் கிலோ மாவு, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, குமிழி வெளியேறப் பக்கவாட்டில் தட்டுங்கள். இறுகும்போது நன்றாகச் சூடேறும், யாரும் கையை உள்ளே விடக் கூடாது. மிஞ்சிய கலவையைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரத்தில் கட்டியை டப்பாவிலிருந்து எடுத்து, ஈரம் காயும் முன்பே செதுக்கத் தொடங்குங்கள். தூசியும் பறக்காது, விளிம்பும் சில்லு சில்லாகப் பெயராது.

முதலில் வெளிப்புறம். உயரம் 12 செ.மீ., குறுக்கே 9 செ.மீ. உருளையாக, ஒரு பக்கம் பிடிக்கு 3 செ.மீ. விட்டு வரைந்துகொள்ளுங்கள். பிடியைத் தனியாகச் செய்து பசை போட்டு ஒட்டினால் தூக்கும்போதே கழன்று வரும். அசலில் குவளையும் பிடியும் ஒரே கல். கத்தியை மேலிருந்து கீழாக இழுத்துப் பட்டை பட்டையாகச் சீவுங்கள். அசல் குவளைகளில் அந்தச் சீவல் தடம் அப்படியே இருக்கிறது, ஆகையால் உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். வழவழப்பாக்கியதுமே அது நம்மூர் டம்ளராகிவிடும்.

அடுத்து பிடியின் துளை. அதைச் சதுரமாகக் குடைய வேண்டும். உட்புறத்தைக் குடைவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சுவர் மெலிந்த பிறகு பிடியில் அழுத்தினால் குவளை இரண்டாகப் பிளக்கும்.

உட்புறத்தை நடுவிலிருந்து வெளியே நோக்கிப் பழைய இரும்புக் கரண்டியால் சுரண்டுங்கள். சுவர் 1 செ.மீ., அடி ஒன்றரை செ.மீ. கனம் இருக்கட்டும். அளவுக்கோடு எதையும் கீறாதீர்கள். இவற்றுக்கு அளவுக்குவளை என்று பெயர் வந்துவிட்டாலும் கொள்ளளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு வாரம் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் கீறல் விடலாம்.

குறிப்பு அட்டையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ரோமர் கொடுமையால் யூதர் கல்லுக்கு மாறினார்கள் என்று எழுதுவது தவறு, இது அவர்களே கடைப்பிடித்த தூய்மை விதி. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடித்த பிறகும், கி.பி. 6இல் ரோம ஆளுநர் நேரடியாக வந்த பிறகும் ஆலய வழிபாடு நடந்தது. கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸின் படை ஆலயத்தை அழித்தது. அதுவரை ஆண்கள் ஆலயத்துக்குக் கொடுத்துவந்த ஆண்டு வரி, ரோமிலிருந்த ஜூபிடர் என்ற ரோமக் கடவுளின் கோயிலுக்கான இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) வரியாக மாறி, பெண்கள், குழந்தைகள் தலையிலும் விழுந்தது. ஆலயம் போன பிறகு கற்பாத்திரத் தொழிலும் சுருங்கிப்போனது. இத்தனையும் அட்டையில் பெரிய எழுத்தில் எட்டு வரிக்குள் அடங்கும்.

எடுத்துப்போகும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள், பிடியைப் பிடிக்க வேண்டாம். பிளாஸ்டர் குவளையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் ஊறிப்போகும். அந்த ஆசை இருந்தால் மாக்கல்லிலேயே செய்துகொள்ளுங்கள்.