தீக்காயம்: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

"சின்னக் காயம்தானே, இங்கேயே கட்டுப் போட்டுக்கலாம்." காயத்தின் பரப்பை மட்டும் பார்த்து இப்படி முடிவு கட்டிவிடுகிறோம். நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். கொப்புளம் விட்ட காயம் 10 சதவீதத்தைத் தாண்டினால் சிறப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டு என்றால் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கருப்பட்டி காய்ச்சும்போது கொதிக்கும் பாகு புறங்கையில் தெறித்தால் அரை சதவீதம்கூட வராது. ஆனால் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடுவதால் ஆழமாக வேகும். தோல் சுருங்கி ஆறினால் விரல் மடங்காது. பனையேறுகிறவருக்கும் ரப்பர் வெட்டுகிறவருக்கும் கைதானே பிழைப்பு!

அதைவிட ஏமாற்றுவது கரண்ட் காயம். பலாக்காய் பறிக்க நீட்டிய அலுமினியத் தொரட்டி மின்கம்பியில் உரசிவிடுகிறது. உள்ளங்கையில் காசு அளவுக்கு ஒரு கருகல், பாதத்தில் இன்னொன்று, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். ஆள் நடந்தேகூட வருவார். உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். ஈ.சி.ஜி.கூட எடுக்காமல் களிம்பு தடவி வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு.

பேஸ்ட், மை, தேங்காயெண்ணெய் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தடவுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினாலே போதும். தீப்பட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் அப்போதும் பலன் உண்டு. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் பட்டால் இன்னும் அதிக நேரம் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிகளிலும் பேஸ்ட் தடவுவதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு: அனுப்புவதற்கு முன் வெள்ளைக் களிம்பைப் பூசுவது. அடுத்த டாக்டருக்குக் காயத்தின் ஆழமே தெரியாது, அதைத் துடைத்தெடுக்கும்போது நோயாளி துடிப்பார். சுத்தமான உலர்ந்த துணியால் மூடி அனுப்பினால் போதும். ஈரத்துணியோடு குழந்தையை வண்டியில் ஏற்றாதீர்கள். வழியில் ஆரல்வாய்மொழிக் காற்றில் உடம்பு சில்லிட்டுப் போகும்.

பூட்டிய அறையில் தீப்பிடித்து, குரல் கரகரத்து, மூக்கு முடி கருகியிருந்தால் கிளம்பும் முன்பே மூச்சுக்குழாயில் டியூப் போடலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தொண்டை வீங்கி அடைக்க அந்த நேரம் தாராளம்.

அப்புறம் நோயாளியோடு கொடுத்தனுப்பும் அந்தச் சீட்டு. "தீக்காயம், மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன பயன்? தீப்பட்ட மணி கட்டாயம் வேண்டும். எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி (எடை × காயச் சதவீதம் × 4 மில்லி) 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் காயம் என்றால் 24 மணி நேரத்தில் 4,800 மில்லி டிரிப்ஸ். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும், அந்த 8 மணி நேரம் தீப்பட்டதிலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து அல்ல. ஏற்கெனவே எவ்வளவு ஏற்றினோம், சிறுநீர் எவ்வளவு போனது, டி.டி. ஊசி போட்டாயிற்றா என்பதும் சீட்டில் இருக்கட்டும்.

போலீஸ் கேஸ் என்பதற்காகத் தயங்கவும் வேண்டாம். சிகிச்சைதான் முதலில் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆசாரிப்பள்ளமோ, பாளையங்கோட்டையோ, திருவனந்தபுரமோ, எங்கே அனுப்பினாலும் படுக்கை இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு 108-இல் ஏற்றுங்கள்.