கைபேசியில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதா? ஓர் இரவுச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்

காலையில் நூறு சதவீதமாக இருந்த சார்ஜ் மதியத்துக்குள் இருபதுக்கு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், உடனே கிடைக்கும் அறிவுரை ஜிபிஎஸ்ஸை அணை, புளூடூத்தை அணை, வெளிச்சத்தைக் குறை என்பதாகவே இருக்கும். இவை தவறானவை அல்ல. ஆனால் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாது. தேவையான வசதிகளையும் வீணாக இழந்திருப்போம். ஆகவே இந்தப் பதிவில் முதலில் கண்டுபிடிப்பதற்கும் பிறகு சரிசெய்வதற்குமான வழியை எழுதுகிறேன். விளக்கம் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கானது. அமைப்புகளின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறியிருக்கும்.

படி 1: திரை அணைந்திருக்கும்போது எவ்வளவு இறங்குகிறது?

இரவு படுக்கும் முன் கைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சார்ஜரிலிருந்து எடுத்து, சதவீதத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வைக்கும் இடத்திலேயே அதை வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் வேறெதையும் தொடாமல் மீண்டும் சதவீதத்தைக் குறியுங்கள். எட்டு மணி நேரத்தில் ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை இறங்கியிருந்தால், நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. பகலில் நீங்கள் பயன்படுத்தும் விதமோ பேட்டரியின் வயதோதான் காரணமாக இருக்கும், நேரே நான்காம் படிக்குப் போய்விடலாம். பதினைந்துக்கு மேல் இறங்கியிருந்தால், நீங்கள் உறங்கும்போது கைபேசி உறங்கவில்லை என்று பொருள்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் கைபேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை அது நிறுத்திவைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் அனுமதிக்கும். அப்படியிருந்தும் இரவில் சார்ஜ் கரைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: சிக்னல் அல்லது ஏதேனும் ஒரு செயலி.

படி 2: அடுத்த இரவு, விமானப் பயன்முறையில்

அதே சோதனையை ஏரோப்ளேன் மோடில் செய்து பாருங்கள். அழைப்புகள் வராது என்பதால், அவசரத்துக்கு உங்களை அழைக்கக்கூடியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

என் அத்தையின் கைபேசி 5000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரி கொண்டது. முதல் இரவு 98-இலிருந்து 71-க்கு இறங்கியது. எட்டு மணி நேரத்தில் 27 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1350 எம்ஏஎச். மறுநாள் ஏரோப்ளேன் மோடில் 2 சதவீதம்தான் இறங்கியது. கடைக்குக் கொண்டுபோனால் பேட்டரியை மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பேட்டரியில் குறையில்லை என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன. அத்தை உறங்கும் உள்ளறையில் இரண்டாவது சிம்முக்கு ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. செல்போன் கோபுரம் எட்டாதபோது கைபேசி தான் சிக்னல் அனுப்பும் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். தொடர்பு அறுந்துவிட்டால் மறுபடி மறுபடி தேடும். மூன்றாம் இரவு அந்தச் சிம்மை மட்டும் அணைத்துப் பார்த்தோம்: இறக்கம் 5 சதவீதம். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அதை நிரந்தரமாக அணைக்க அத்தை ஒப்பவில்லை. நான்காம் இரவு இரண்டு சிம்களையும் இயங்கவிட்டு, கைபேசியை வாசல் பக்கத்து ஜன்னல் மாடத்தில் வைத்தோம். 7 சதவீதம். இன்றுவரை அந்தக் கைபேசிக்கு அதுதான் இடம்.

உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், இடத்தை மாற்றிப் பாருங்கள். வைஃபை இருந்தால் மொபைல் டேட்டாவுக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். 5ஜி வந்து வந்து போகும் இடமானால், சிம் அமைப்பில் விருப்ப நெட்வொர்க்கை 4ஜி என்று மாற்றுங்கள்.

படி 3: செயலியைப் பிடிப்பது

ஏரோப்ளேன் மோடிலும் சார்ஜ் இறங்குகிறது, அல்லது சிக்னல் நன்றாக இருந்தும் இறங்குகிறது என்றால், அமைப்புகளில் பேட்டரி என்பதைத் திறந்து, பேட்டரி பயன்பாடு என்ற பட்டியலைப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பட்டியலில் காணும் சதவீதம் சில கைபேசிகளில் முழுப் பேட்டரியின் பங்கு. வேறு சிலவற்றில் செலவான அளவின் பங்கு மட்டுமே. மொத்தம் பத்து சதவீதமே செலவாகியிருக்கும்போது ஒரு செயலிக்கு நேரே முப்பது என்றிருந்தால், அது பேட்டரியில் மூன்று சதவீதம்தான். ஆகவே சதவீதத்தைவிட நேரத்தைப் பாருங்கள். செயலியின் பெயரைத் தொட்டால், திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்று தனித்தனியே தெரியும். பாட்டுச் செயலியோ வழிகாட்டும் வரைபடமோ பின்னணியில் மணிக்கணக்கில் இயங்குவது இயல்பு. பத்து நிமிடம் மட்டுமே திறந்த ஒரு ஷாப்பிங் செயலி பின்னணியில் ஆறு மணி நேரம் ஓடியிருந்தால் அது இயல்பல்ல.

அப்படிப்பட்ட செயலி தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். தேவை என்றால், முதலில் பிளே ஸ்டோரில் புதுப்பித்துப் பாருங்கள்; பிறகு அதன் பேட்டரி அமைப்பில் அன்ரெஸ்ட்ரிக்டட் என்றிருந்தால் ஆப்டிமைஸ்டு என்று மாற்றுங்கள், ஏனெனில் அன்ரெஸ்ட்ரிக்டட் என்பது டோஸின் பிடியிலிருந்து தரும் விலக்கு. இருப்பிட அனுமதியையும் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். செய்திப் பரிமாற்றச் செயலிகளையும், உடல்நிலையைக் கண்காணிக்கும் செயலிகளையும் மட்டும், பின்னணி வேலையை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மாற்றாதீர்கள். அறிவிப்புகள் தாமதமாகவே வரும், சில வேளை வராமலும் போகும்.

பட்டியலைப் பார்த்தும் குற்றவாளி தெரியவில்லையானால் சேஃப் மோட் உதவும். பவர் பொத்தானை அழுத்தித் தோன்றும் பவர் ஆஃப் என்பதைத் தொட்டபடியே இருந்தால், பல கைபேசிகளில் சேஃப் மோடுக்குப் போகலாமா என்று கேட்கும். அதில் நீங்களாக நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காது. அந்த நிலையில் ஓர் இரவு விட்டுப் பார்த்து, இறக்கம் குறைந்தால் அண்மையில் நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள். முகப்புத் திரையின் விட்ஜெட்டுகள் கலைந்துபோகலாம் என்பதால் முன்பே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. வழக்கம்போல் மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இடையில் ஒன்று: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடும் பழக்கம் பேட்டரியைச் சேமிப்பதில்லை. நினைவகத்தில் சும்மா இருக்கும் செயலியை மீண்டும் காட்டுவதைவிட, அடியிலிருந்து தொடங்குவதற்கே கூடுதல் மின்சாரம் ஆகும். மென்பொருள் புதுப்பிப்பு வந்த ஓரிரு நாள்களில் இறக்கம் கூடினால், பின்னணி ஒழுங்குபடுத்தல் முடியட்டும் என்று காத்திருங்கள்.

படி 4: திரை

இங்கே சொல்வதற்கு அதிகமில்லை. தானியங்கி வெளிச்சத்தை இயக்குங்கள், திரை அணையும் நேரத்தை முப்பது நொடியாக்குங்கள், ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 120 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் 60-க்கு மாற்றிப் பாருங்கள். டார்க் தீம் ஓஎல்இடி திரையில் பலன் தரும், ஏனெனில் அதில் கறுப்பான புள்ளி ஒளிர்வதே இல்லை. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிய மிச்சம் இராது.

படி 5: பேட்டரியின் வயது

முப்பதிலிருந்து திடீரென்று பன்னிரண்டுக்குத் தாவுவதும், இருபது இருக்கும்போதே கேமராவைத் திறந்தவுடன் அணைந்துபோவதும் முதுமையின் அடையாளங்கள். பேட்டரி பழையதாகும்போது அதன் உள்மின்தடை கூடுகிறது. கேமரா போன்றவை சட்டென்று மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. ஒரு கணக்குக்கு, ஐபோன் 14 வரையிலான ஐபோன்களின் பேட்டரி 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்குமாறு வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 வரிசைக்கு 1000 சுழற்சிகள். இன்று அறுபதும் நாளை நாற்பதும் செலவானால் அது ஒரு சுழற்சி. இந்த நிலைக்கு வந்த பேட்டரியை எந்த அமைப்பும் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். முழுவதும் தீர்த்துவிட்டுச் சார்ஜ் செய்தால் சரியாகும் என்ற பேச்சு நிக்கல்-காட்மியம் காலத்து மிச்சம். லித்தியம்-அயனுக்கு அது நன்மை செய்யாது.

பின்மூடி லேசாக எழும்பியிருந்தாலோ திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ, மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது, அழுத்திப் பார்க்காமல், மீண்டும் சார்ஜில் போடாமல், அணைத்துச் சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.